மோகன வர்ணம் தந்த ராமநாதபுரம் ஸ்ரீநிவாசய்யங்கார்

பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முதலில் ஸரிகமபதநி என்று ஸ்வர வரிசைகளைப் பாடுவார்கள். பிறகு அலங்காரம். அதன் பிறகு கீதம். இவை முடிந்து குரல் ஒருவாறு பதப்பட்டதும், ஒரு நல்ல நாளில் வாத்தியார் வர்ணம் ஆரம்பிப்பார். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம், யாழ்ப்பாணம், கடல் கடந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று கர்நாடக சங்கீதம் சென்ற இடமெல்லாம், ஆரம்பத்தில் கற்பிக்கும் வர்ணங்களில் ஒன்று மோகன ராகத்தில் அமைந்த 'நின்னுகோரி' வர்ணம்.

சங்கீதம் கற்காதவர்களுக்கும் அதன் முதல் சொல் பழக்கமானதுதான். 1988-ம் ஆண்டில் வெளிவந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில், இளையராஜா இசையில் சித்ரா பாடிய மோகன ராகப் பாடல் இந்த வர்ணத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

இவ்வளவு பேர் நாவில் இருக்கும் அந்த வர்ணத்தை இயற்றியவர் யார்? காவிரிக் கரைக்காரர் அல்லர். பட்டணவாசியும் அல்லர். மழை குறைந்து பனை மிகுந்த ராமநாதபுரத்தில் பிறந்து, சேதுபதி அரண்மனையில் பாடிய ஒரு வித்துவான். ராமநாதபுரம் ஸ்ரீநிவாசய்யங்கார் என்பது அவர் பெயர். சங்கீத உலகில் பூச்சி ஐயங்கார் என்றால்தான் சட்டென்று தெரியும். அந்தப் பட்டப்பெயர் வந்த காரணத்தைப் பலரும் பலவாறு சொல்வார்கள். பெயர் எப்படி வந்திருந்தாலும், அது மரியாதைக் குறைவாக இல்லாமல் பட்டமாகவே நிலைத்துவிட்டது.

சேது நாடு

ஸ்ரீநிவாசய்யங்கார் பிறந்தது 1860-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி. அப்போது ராமநாதபுரம் தனி அரசு அன்று, ஜமீன். 1795-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைச் சிறைப்பிடித்து நாட்டைத் தங்கள் வசப்படுத்திக் கொண்டார்கள். 1803-ல் அதை ஜமீனாக்கி, கும்பினிக்குப் பேஷ்குஷ் கட்டும்படி திட்டம் செய்தார்கள். படையும் கோட்டையும் போயின. ஆனால் சேதுபதிகளின் பட்டமும் கோயில் காரியங்களும் கொடையும் போகவில்லை.

நாடு வறண்ட நாடு. வைகை ஆறு அங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் மணலாகத்தான் இருக்கும். மழை பெய்தால் கண்மாய் நிறையும்; கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். இல்லாவிட்டால் பஞ்சம்தான். தஞ்சாவூரைப் போல முப்போகம் விளைந்து, ஊருக்கு ஊர் பாகவதர்களைப் போஷித்த சீமை அன்று அது.

ஆனால் தஞ்சைக்கு இல்லாத ஒரு சிறப்பு அந்தச் சீமைக்கு இருந்தது. ராமேசுவரம் போகும் வழி அதுதான். காசியிலிருந்தும், மராட்டியத்திலிருந்தும், தெலுங்கு தேசத்திலிருந்தும் யாத்திரிகர்கள் ராமநாதபுரம் வழியாகத்தான் சேதுவுக்கு வந்தார்கள். மண்டபத்தில் படகு ஏறிக் கடலைக் கடந்தார்கள். அவர்களுக்குச் சத்திரம் கட்டிச் சோறு போடுவது சேதுபதிகளின் பரம்பரைத் தருமம். யாத்திரிகர்களோடு பண்டிதர்கள் வந்தார்கள். பஜனை செய்பவர்கள் வந்தார்கள். பாடுகிறவர்களும் வந்தார்கள். இப்படிப் பல தேசத்துப் பாட்டும் அந்த வறண்ட மண்ணை எட்டிப் பார்த்தது.

ஸ்ரீநிவாசய்யங்கார் பிறந்தபோது ஜமீனை ஆண்டவர் ராணி பர்வதவர்த்தனி நாச்சியார். அவருடைய தத்துப் பிள்ளை முத்துராமலிங்க சேதுபதி. அந்தத் தத்து செல்லுமா, செல்லாதா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1868-ல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சேதுபதியின் தமையனார் பொன்னுசாமித் தேவர் ஜமீன் நிர்வாகத்தைக் கவனித்தவர். தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர். ஆனால் 1873-ல் சேதுபதி காலமானார். மூத்த மகன் பாஸ்கரனுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. ஜமீன் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் சர்க்கார் நிர்வாகத்தின் கீழ் போயிற்று. சிறுவன் பாஸ்கரனைப் படிப்புக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஸ்ரீநிவாசய்யங்கார் வாலிபராக வளர்ந்த காலத்தில் அரண்மனைப் பெட்டியின் சாவி அதிகாரிகள் கையில் இருந்தது.

குருவைத் தேடி

அக்காலத்தில் சங்கீதம் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. பரீட்சையும் கிடையாது. வித்துவான் வீட்டிலேயே தங்கி, அவருக்குப் பணிவிடை செய்து, அவர் பாடும்போது கூடவே பாடிக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் குருகுலவாசம் என்று பெயர். குரு என்றைக்குப் பாடம் சொல்லுவார் என்பது அவர் மனத்தைப் பொறுத்தது. காத்திருக்கத் தெரிந்தவனுக்கே வித்தை கிடைக்கும்.

ஸ்ரீநிவாசய்யங்காருக்குக் கிடைத்த குரு பட்டணம் சுப்பிரமணிய அய்யர். 1845-ல் பிறந்த அவர் திருவையாற்றுக்காரர். சென்னைப் பட்டணத்தில் பல காலம் வசித்ததால் 'பட்டணம்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பேகடா ராகத்தை அவர் பாடும் அழகைக் கண்டு 'பேகடா சுப்பிரமணிய அய்யர்' என்றும் அழைத்தார்கள். கதனகுதூகலம் என்ற துள்ளும் ராகத்தில் 'ரகுவம்ச சுதா' கீர்த்தனத்தை இயற்றியவர் அவரே. மகா வைத்தியநாத அய்யரும் அவரும் அந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய மலைகள்.

இந்தக் குருவின் குருவையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுப்பிரமணிய அய்யருக்குக் கற்பித்தவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவருக்குக் கற்பித்தவர் தியாகராஜ சுவாமிகள். ஆகவே ராமநாதபுரத்துப் பிள்ளை, தியாகராஜருக்கு மூன்றாவது தலைமுறைச் சிஷ்யர் ஆனார். தியாகராஜர் சமாதி அடைந்தது 1847-ல். ஸ்ரீநிவாசய்யங்கார் பிறந்தது அதற்குப் 13 ஆண்டுகளுக்குப் பிறகு. கண்ணால் காணாத அந்த மகானை அவர் தம் ஆதி குருவாகவே போற்றினார். பிற்காலத்தில் ரீதிகௌளை ராகத்தில், 'ஸத்குருஸ்வாமிகி' என்று தொடங்கும் கீர்த்தனத்தைத் தியாகராஜர்மேல் இயற்றினார்.

சுப்பிரமணிய அய்யரிடம் கற்றவர்கள் பலர். மைசூர் வாசுதேவாசாரியார் ஒருவர். டைகர் வரதாசாரியார் ஒருவர். ஒரே அடுப்பில் வெந்த சோறு என்றாலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பெயர் பெற்றார்கள். ஸ்ரீநிவாசய்யங்கார் கற்ற வித்தையை எடுத்துக்கொண்டு தம் சேது நாட்டுக்கே திரும்பினார்.

அரண்மனையில் நவராத்திரி

1889-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாஸ்கர சேதுபதி பட்டத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 20. ஆங்கிலமும் தமிழும் கற்றவர். இசையில் பிரியம் உள்ளவர். கையைக் குவித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர். பதினைந்து வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த கதவு திறந்தது போல் ஆயிற்று.

ராமநாதபுரத்தில் நவராத்திரி சாதாரணப் பண்டிகை அன்று. திருமலை நாயக்கர் காலத்தில், மதுரையில் நடப்பது போலவே நவராத்திரி நடத்தும் உரிமையைச் சேதுபதி பெற்றார் என்பது வரலாறு. அரண்மனைக்குள் ராஜராஜேசுவரி அம்மன் கோயில். பக்கத்தில் சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய ராமலிங்க விலாசம். ஒன்பது நாளும் பூஜை, புலவர் சபை, சங்கீதக் கச்சேரி. பத்தாம் நாள் விஜயதசமியன்று மகர்நோன்புத் திடலில் அம்பு போடும் விழா. ஊர் ஊராக ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

வித்துவான்களுக்கு இந்த ஒன்பது நாள் ஓராண்டுக்குச் சமம். சேதுபதி முன்னிலையில் பாடிச் சால்வை வாங்கினால் அந்தப் பெயர் சீமையெங்கும் பரவும். பாடியவர் தவறினாலும் அதுவும் பரவும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் போட்டி வித்துவான்கள். இப்படிப்பட்ட சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார் ஸ்ரீநிவாசய்யங்கார். வெளியூரிலிருந்து எவ்வளவு பெரியவர் வந்தாலும், ஊர்க்காரர் தாழ்ந்துவிடக் கூடாது. சமஸ்தானத்தின் மானம் அவர் தொண்டையில் இருந்தது.

அவருக்கு மற்றோர் ஆதரவாளரும் இருந்தார். பொன்னுசாமித் தேவரின் மகன், பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் இவரே. பாஸ்கர சேதுபதியும் அந்தச் சங்கத்துக்குத் துணை நின்றார். சேது சமஸ்தானத்தில் தமிழும் சங்கீதமும் இப்படி ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. ஒரு பக்கம் ரா. ராகவையங்கார் போன்ற தமிழ்ப் புலவர்கள். மறு பக்கம் பூச்சி ஐயங்கார் போன்ற பாடகர்கள்.

பல்லவி என்னும் போர்க்களம்

அக்காலக் கச்சேரியில் உச்ச கட்டம் பல்லவி. பாட்டுக் கற்காதவர்களும் அதை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

முதலில் வித்துவான் ஒரு ராகத்தை எடுத்துச் சொற்கள் இல்லாமல் விரிவாகப் பாடுவார். அது ஆலாபனை. பிறகு 'ஆனந்தம்', 'அனந்தம்' போன்ற சொற்களை வைத்துக்கொண்டு, குதிரை நடை போலத் துள்ளத் துள்ளப் பாடுவார். அது தானம். அதன் பிறகு ஒரே ஒரு வரியை எடுத்துக் கொள்வார். அந்த ஒரு வரி தாளத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதற்குக் கடுமையான கணக்கு உண்டு. தாளம் மாறாமல் இருக்க, அதே வரியை இரண்டு மடங்கு வேகத்திலும் நான்கு மடங்கு வேகத்திலும் பாட வேண்டும். பிறகு வரி அப்படியே இருக்க, சொற்களை இழைத்து இழைத்து விரிக்க வேண்டும். பிறகு ஸ்வரம் போட வேண்டும். எங்கே சுற்றினாலும் வரியின் தொடக்கத்தில் வந்து கச்சிதமாக இறங்க வேண்டும். மிருதங்கக்காரரும் கஞ்சிராக்காரரும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டு இருப்பார்கள். அரை நொடி பிசகினாலும் சபை சிரிக்கும்.

இந்தப் பல்லவி வழியில் தேர்ந்த பரம்பரையைச் சேர்ந்தவர் ஸ்ரீநிவாசய்யங்கார். அதை மட்டும் செய்திருந்தால், அவர் புகழ் கேட்டவர்களோடு போயிருக்கும். பாட்டு காற்றோடு போவது. கல்வெட்டைப் போல நிற்பது அன்று. அக்காலத்து எத்தனையோ பெரிய பாடகர்களின் பெயர் மட்டும் மிஞ்சி, பாட்டு மறைந்து போயிற்று. ஸ்ரீநிவாசய்யங்கார் பாடியதோடு நிற்காமல் பாட்டுக்களை இயற்றியும் வைத்தார்.

ஐந்து ஸ்வரத்தில் ஓர் உலகம்

சுமார் 100 உருப்படிகள் அவர் இயற்றியவை என்பார்கள். பாட்டின் முடிவில் 'ஸ்ரீநிவாஸ' என்று தம் பெயரை முத்திரையாக வைத்தார். கேதாரகௌளையில் 'ஸரகுண பாலிம்ப', பூர்வி கல்யாணியில் 'பரமபாவன ராம' ஆகிய கீர்த்தனங்கள் இன்றும் மேடைகளில் ஒலிப்பவை. கானடா ராகத்தில் அட தாளத்தில் அமைந்த 'நேரநம்மிதி' வர்ணம் கச்சேரி தொடங்கப் பெரிய வித்துவான்கள் எடுத்துக்கொள்வது. கமாஸ் ராகத்தில் ஜாவளி உண்டு. தில்லானாக்களும் உண்டு. ஆழமான கீர்த்தனமும் வரும், ஆட்டத்துக்கு ஏற்ற துள்ளலும் வரும் என்பதை இவை காட்டுகின்றன.

ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சி வீடு வீடாகப் போனது மோகன வர்ணம்தான். அதற்குக் காரணம் உண்டு.

மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரங்கள். ஸ, ரி, க, ப, த. ம-வும் நி-யும் கிடையாது. ஏறும்போதும் அதே ஐந்து. இறங்கும்போதும் அதே ஐந்து. பழந்தமிழரின் முல்லைப் பண் இதுவே என்று இசை ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். சீன நாட்டு நாட்டுப்பாடல்களிலும் இதே ஐந்து ஸ்வரங்களைக் கேட்கலாம். மனிதன் எங்கே பிறந்தாலும் அவன் காதுக்கு இனிக்கும் ஸ்வரங்கள் இவை.

வர்ணம் என்பது பாட்டாகவும் இருக்கும், பயிற்சியாகவும் இருக்கும். சொற்கள் குறைவு, ஸ்வரங்கள் அதிகம். முதல் பாதியில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம். இரண்டாம் பாதியில் சரணம் என்று ஒரு வரி. அதைத் தொட்டுத் தொட்டு ஸ்வரக் கோவைகள் வரும். முதலில் வருவது சிறியது, எளியது. போகப் போக நீளம் கூடும்; சிக்கலும் கூடும். மெதுவாக ஒரு முறை, இரட்டை வேகத்தில் ஒரு முறை என்று பாட வேண்டும். இப்படிப் பாடிப் பாடி முடிப்பதற்குள், அந்த ராகத்தில் எந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எதை நேராக நிறுத்த வேண்டும், எங்கிருந்து எங்கே தாவலாம் என்பதெல்லாம் கற்பவர் தொண்டைக்குத் தானாகவே தெரிந்துவிடும். ராகத்தின் இலக்கணப் புத்தகம் முழுவதையும் சில நிமிஷப் பாட்டுக்குள் மடித்து வைத்தது போன்றது அது.

அரண்மனைச் சபையில் சிங்கங்களோடு மோதிய வித்துவான், பத்து வயதுப் பிள்ளைக்கும் பயன்படும்படி அதைச் செய்து வைத்தார். பெரிய வித்தை தெரிந்தவர் சிறிய பாடம் எழுதினால் அது எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு இந்த வர்ணமே சாட்சி.

விளக்கு மங்கியது

1897-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பிய சுவாமி விவேகானந்தர் பாம்பனில் கரை இறங்கினார். அவரை வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. சிகாகோ சர்வ மத மகாசபைக்குப் போகும்படி சுவாமிகளை முன்பே ஊக்குவித்தவர்களில் சேதுபதியும் ஒருவர். குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சுவாமிகளின் வண்டியைச் சேதுபதி மற்றவர்களோடு சேர்ந்து தாமே இழுத்தார். ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பெயர் உலகெங்கும் ஒலித்த நாள் அது.

ஆனால் உள்ளே கடன் மலைபோல் வளர்ந்துகொண்டிருந்தது. கோயிலுக்குக் கொடுத்தார். புலவருக்குக் கொடுத்தார். பாடகருக்குக் கொடுத்தார். வந்தவர்க்கெல்லாம் கொடுத்தார். வானம் பார்த்த சீமையின் வரவு அந்தச் செலவுக்குக் காணவில்லை. ஜமீன் நிர்வாகம் அவர் கையை விட்டுப் போயிற்று. 1903-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, 35-ம் வயதில் பாஸ்கர சேதுபதி காலமானார். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஸ்ரீநிவாசய்யங்காரின் குரு பட்டணம் சுப்பிரமணிய அய்யர் மறைந்திருந்தார். 1911-ல் பாண்டித்துரைத் தேவரும் மறைந்தார். பாடகரைத் தாங்கிய தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

அது ராமநாதபுரத்துக்கு மட்டும் வந்த கஷ்டம் அன்று. அந்தக் காலத்தில் ஊர் ஊராக ஜமீன்களும் சமஸ்தானங்களும் தளர்ந்துகொண்டு வந்தன. சங்கீத வித்துவான்கள் முன்னே ஒரு பெரிய கேள்வி நின்றது. ராஜா இல்லாவிட்டால் பாட்டுக்கு யார் சோறு போடுவார்கள்?

பதில் பட்டணத்திலிருந்து வந்தது. சென்னையில் வக்கீல்களும் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் கூடிச் சபாக்கள் ஏற்படுத்தினார்கள். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ல் தோன்றியது. டிக்கெட் வாங்கியவன் எவனும் உள்ளே வந்து பாட்டுக் கேட்கலாம். மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரெயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து ரெயில் ராமேசுவரத்துக்கே போயிற்று. படகுக்காகக் காத்திருந்த காலம் மாறி, வித்துவான்கள் ரெயிலேறி ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் காலம் பிறந்தது.

ஆனால் சபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் அரண்மனைச் சபையார் அல்லர். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். நாலு மணி, ஐந்து மணி நேரம் ஒரே ராகத்தையும் ஒரே பல்லவியையும் கேட்க எல்லோருக்கும் பொறுமை இல்லை. சங்கீதத்தின் சத்தும் கெடக் கூடாது; புதிதாகக் கேட்க வந்தவர்களும் எழுந்து போகக் கூடாது. அதற்கு வழி கண்டவர் ஸ்ரீநிவாசய்யங்காரின் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

அரியக்குடியிலிருந்து வந்த சிஷ்யர்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள அரியக்குடியில் 1890-ல் பிறந்தவர் ராமானுஜய்யங்கார். புதுக்கோட்டை மலையப்பய்யரிடமும், நாமக்கல் நரசிம்மய்யங்காரிடமும் ஆரம்பப் பாடம் கேட்டுவிட்டு, பூச்சி ஐயங்காரிடம் வந்து சேர்ந்தார். குருகுலவாசம் செய்தார். குருவின் வர்ணங்களும் கீர்த்தனங்களும் அவருக்கு வந்தன. தியாகராஜரிலிருந்து இறங்கி வந்த பாட்டுக்களும் வந்தன. பல்லவிக் கணக்கும் வந்தது. சேலம் துரைசுவாமி ஐயங்காரும் இதே குருவின் சிஷ்யர்.

ராமானுஜய்யங்கார் பெரிய வித்துவானாக வளர்ந்தபோது கச்சேரிக்குப் புதிய திட்டம் ஒன்று வகுத்தார். முதலில் ஒரு வர்ணம். அது குரலையும் கேட்பவர் மனத்தையும் பதப்படுத்தும். பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனங்கள். நடுவில் விரிவான ஒரு ராகம், கீர்த்தனம், நிரவல், ஸ்வரம். பிறகு அளவாக ஒரு ராகம், தானம், பல்லவி. கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா போன்ற துக்கடாக்கள். பண்டிதருக்கும் தீனி உண்டு. பாமரருக்கும் தீனி உண்டு. கச்சேரி மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். இன்று உலகில் எங்கே கர்நாடக இசைக் கச்சேரி நடந்தாலும் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கிறது.

கூர்ந்து பார்த்தால் இதில் குருவின் கை தெரியும். வர்ணத்தைப் பாடசாலையில் விட்டுவிடாமல் மேடையின் வாசலில் வைத்தார் சிஷ்யர். குருவின் ஜாவளிக்கும் தில்லானாவுக்கும் கடைசியில் இடம் கிடைத்தது. அரண்மனையின் பல்லவி சபாவுக்கு ஏற்றபடி அளவு சுருங்கியது; ஆனால் அழியவில்லை.

மறைவும் நிலைபேறும்

1919-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி ஸ்ரீநிவாசய்யங்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. தம் சிஷ்யர் சங்கீத கலாநிதி ஆனதையும், நாடெங்கும் கொடி கட்டிப் பறந்ததையும் அவர் பார்க்கவில்லை. சென்னை மியூசிக் அகாடமி தோன்றியதே அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1928-ல்தான். ராமானுஜய்யங்காருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் 1938-ல் கிடைத்தது. 1958-ல் பத்ம பூஷண் விருதும் கிடைத்தது.

ஸ்ரீநிவாசய்யங்காரின் உருப்படிகளில் பெரும்பாலானவை தெலுங்கில் அமைந்தவை. நாயக்கர் காலத்திலிருந்து தென்னாட்டு அரண்மனைகளில் சங்கீதத்தின் மொழியாகத் தெலுங்கே வழங்கிவந்தது. அதோடு தியாகராஜரின் வழியும் அதுவே. தமிழ்ச் சங்கம் கண்ட சமஸ்தானத்தின் பாடகர் தெலுங்கில் பாட்டு இயற்றினாரே என்று இன்று சிலருக்குத் தோன்றலாம். அந்தக் குறையையும் சிஷ்யர் ஓரளவு தீர்த்து வைத்தார். ஆண்டாளின் திருப்பாவைக்கும், அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாடல்களுக்கும் ராமானுஜய்யங்கார் மெட்டு அமைத்து மேடையில் ஏற்றினார். மார்கழியில் கோயில்களிலும் வீடுகளிலும் ராகத்தோடு ஒலிக்கும் திருப்பாவையில் அவருடைய பங்கு பெரிது.

அவரிடமிருந்து வித்தை மேலும் பரவியது. கே. வி. நாராயணசுவாமி, பி. ராஜம் அய்யர் முதலியோர் அவருடைய சிஷ்யர்கள். நாராயணசுவாமி அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள சர்வகலாசாலையிலும் கர்நாடக சங்கீதம் கற்பித்தார். தியாகராஜரிலிருந்து எண்ணினால் ஆறாவது தலைமுறை அது. அந்தச் சங்கிலியின் நடுவே, ஒரு கண்ணியும் அறுந்து போகாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் ராமநாதபுரத்துப் பாடகர்.

ஜமீன்தாரி முறையை ஒழிக்க 1948-ல் சென்னை அரசாங்கம் சட்டம் செய்தது. சேது சமஸ்தானமும் வரலாறாகிவிட்டது. ராமலிங்க விலாசத்தின் சித்திரங்களைப் பார்க்க இன்று பயணிகள் வருகிறார்கள். நவராத்திரியில் பாடியவர்களுக்கு அங்கே போர்த்திய சால்வைகள் நைந்து மறைந்தன. கொடுத்த பொன் செலவழிந்தது.

அதற்காகப் பாஸ்கர சேதுபதி கொடுத்தது வீண் என்று சொல்லிவிட முடியாது. வறண்ட சீமையின் வருமானத்தில் ஒரு பங்கு ஒரு பாடகருக்குப் போயிற்று. அந்தப் பாடகர் கவலையின்றி உட்கார்ந்து பாட்டு இயற்றினார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அரசன் கொடுத்ததை அவர் பெட்டியில் பூட்டி வைக்காமல், ஸ்வரமாக மாற்றி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டார். ஜமீனின் கடன் தீர்ந்ததோ இல்லையோ, வாங்கிய கடனைப் பூச்சி ஐயங்கார் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிட்டார்.